உறக்கமும் லாரியும் சட்டமும்

மும்பையில் ஒரு லாரியில் சரக்கு ஏற்றுகிறார்கள். அந்தச் சரக்கு டில்லிக்குப் போக வேண்டும். தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர். லாரி புறப்படும்போது இரவு 8 மணி. "நாளை மறுநாள் காலை 8 மணிக்குள் சரக்கு இறங்கிவிட வேண்டும்" என்கிறார் முதலாளி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரம் ஏற்றிய லாரி மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் ஓடினால், 1,400 கிலோமீட்டர் ஓட 35 மணி நேரம் ஆகும். முதலாளி கொடுத்ததோ 36 மணி நேரம். சாப்பிட, குளிக்க, பஞ்சர் ஒட்ட, தூங்க, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்தான் மிச்சம். லாரியில் இருப்பதோ ஒரே ஓட்டுநர். தேசிய பர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2018இல் அதை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் இரவு. மணி மூன்று. உடம்பு உறக்கத்தை அதிகம் கேட்கும் நேரம் இது. ஓட்டுநர் தாபாவில் டீ குடிக்கிறார். முகம் கழுவுகிறார். கொஞ்ச நேரம் தெளிவாக இருக்கிறது. பிறகு, அவருக்கே தெரியாமல் கண் மூடுகிறது. மூன்றே விநாடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த மூன்று விநாடியில் லாரி 50 மீட்டர் ஓடிவிடும். அந்த 50 மீட்டருக்குள் ஒரு சைக்கிள்காரர் போய்க்கொண்டிருந்தால்?

சைக்கிள்காரர் இறந்துவிட்டால், ஓட்டுநர் மீது வழக்கு வரும். கவனக் குறைவால் மரணம் விளைவித்ததற்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா இப்படிச் சொல்கிறது. "தூங்கிவிட்டேன்" என்று சொன்னால் குற்றம் போய்விடாது. தூக்கம் வருவது தெரிந்தும் ஓட்டியதே கவனக் குறைவுதான்.

கூட்டம் அடிக்கும் என்று பயந்து பல ஓட்டுநர்கள் ஓடிவிடுகிறார்கள். பயம் நியாயமானதுதான். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பது ஓட்டுநரின் கடமை. கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போகலாம் என்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்லியாக வேண்டும்.

ஜெயில் ஓட்டுநருக்கு. அப்படியானால் நஷ்டஈடு? இறந்தவரின் குடும்பம் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். வேலை செய்யும்போது ஓட்டுநர் செய்த தவறுக்கு லாரிக்குச் சொந்தக்காரரும் பொறுப்பு. இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி பணம் கட்டும். ஓட்டுநருக்குச் சரியான லைசென்ஸ் இல்லை என்றால், கட்டிய பணத்தைச் சொந்தக்காரரிடம் திரும்ப வசூலிக்கலாம். மனுப் போட 6 மாதம் என்று 2019 திருத்தம் வரம்பு வைத்தது. ஆகவே காரியம் முடிந்ததும் காகிதங்களைத் தேட ஆரம்பிப்பது நல்லது.

முதலாளி போட்ட அந்த 36 மணி நேரக் கெடுவுக்கு என்ன பதில்? 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது. நீண்ட தூரத்துக்கு, அதிகாரி ஒப்புதலோடு, 10 மணி வரை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் 8 மணி என்பதே பொது விதி. ஆனால் டிரிப் கணக்கில் பேட்டா வாங்கும் ஓட்டுநரின் மணிக்கணக்கை யார் எண்ணுகிறார்கள்?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 183ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. அதிகம் பேர் அறியாத பிரிவு. இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் உத்தரவு போடுகிறார். வேக வரம்பை மீறாமல் அப்படிச் சேர முடியாது என்று நீதிமன்றம் கருதுகிறது. அப்போது அந்த உத்தரவே, போட்டவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல் சாட்சியம் ஆகிவிடும்.

உத்தரவு வாய்ப் பேச்சாக வந்தால் நிரூபிப்பது கஷ்டம். போனில் செய்தியாக வந்திருந்தால் அழிக்காமல் வைத்துக்கொள்ளலாம். லோடு ஏற்றிய சீட்டில் தேதி இருக்கும். டீசல் பில்லிலும் இருக்கும். எந்த டோல் கேட்டை லாரி எத்தனை மணிக்குத் தாண்டியது என்பது ஃபாஸ்டாக் கணக்கில் பதிவாகியிருக்கும். ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டினார் என்பதை இந்தக் காகிதங்களை வரிசையாக அடுக்கினால் யாரும் கூட்டிப் பார்த்துவிடலாம்.