முதன் முதலாகக் கோழி வளர்க்க விரும்புவோர் அறிய வேண்டியவை

(கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

நமது கிராமங்களில் கோழி வளர்ப்பது புதிய தொழிலன்று. ஆயினும், வீட்டில் முன்பின் கோழி வளர்த்தறியாத குடும்பத்தார் முதன் முதலாக இதில் இறங்கும்போது, பெரும்பாலோர் முதல் வருஷத்திலேயே நஷ்டமடைந்து, "இது நமக்கு ராசியில்லை" என்று விட்டுவிடுகின்றனர். இதற்குக் காரணம் ராசியன்று. காரியங்களின் வரிசை தவறுவதேயாகும். முதலில் கோழியை வாங்கி, பிறகு கூண்டைத் தேடி, நோய் கண்ட பின்னர் மருந்தைத் தேடுகிறோம். இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வியாசத்தின் கருத்து. இவ்விஷயத்தில் அடியேனும் தவறியவன். அதனை மறைக்காமல் பின்னர் எடுத்துரைக்கிறேன்.

1. எத்தனை கோழிகள்?

ஒரு சேவலும் ஐந்து அல்லது ஆறு பெட்டைகளும் புதியவருக்குப் போதும். நாட்டுக்கோழி வருஷம் முழுவதும் முட்டையிடும் என்று எதிர்பார்த்தல் கூடாது. அது 12 முதல் 15 முட்டைகள் வரை இட்டபின் அடைகாக்க விரும்பும். முட்டையிட ஏறக்குறைய மூன்று வாரமும், அடைகாக்க 21 நாட்களும், குஞ்சுகளைக் கூட்டித் திரிய எட்டு முதல் பத்து வாரமும் ஆகின்றன. ஆகவே ஒரு சுற்றுக்கு மூன்று மாதத்துக்கு மேலாகிறது. வருஷத்தில் மூன்று அல்லது நான்கு சுற்றுகளே நடக்கும். இக்கணக்கின்படி ஒரு பெட்டை வருஷத்துக்கு 36 முதல் 60 முட்டைகள் வரை இடும். இதைத் தெரிந்துகொண்டு தொடங்குபவர் ஏமாற்றமடையமாட்டார். முட்டை மாத்திரம் போதுமென்போர் சேவல் இல்லாமலும் வளர்க்கலாம். சேவல் சேராத முட்டை உண்ணத் தகும், ஆனால் குஞ்சு பொரிக்காது.

2. கூண்டு

கோழி வருமுன் கூண்டு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். பத்துக் கோழிகளுக்கு 5 அடி நீளமும் 4 அடி அகலமுமுள்ள இடம் இரவில் தங்கப் போதுமானது. மூங்கிலாலோ மரச்சட்டங்களாலோ, தரையினின்று 2 அடி உயரத்தில் கால்கள் நாட்டி அமைப்பது உத்தமம். நீளம் கிழக்கு மேற்காக இருப்பின் வெயில் நேராகத் தாக்காது. காற்றோட்டம் வேண்டும், ஆனால் கீரியும் பூனையும் நுழையும்படியான இடைவெளி கூடாது. பாம்புக்குப் பயந்து முழுவதும் அடைத்துவிடுவோரும் உளர். அவ்வாறு அடைத்தால் எச்சத்தின் காரம் தங்கி, கோழிகளின் கண்ணும் மூச்சும் கெடும். உள்ளே உட்கார ஒரு தடி, முட்டையிட உமியோ வைக்கோலோ பரப்பிய ஒரு பழைய கூடை அல்லது வாயகன்ற சட்டி, வெளியே புரண்டு குளிக்கச் சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழி ஆகியவை இருந்தால் போதும். சாம்பற்குழி பேனைக் குறைக்கும். மரச்சந்துகளில் ஒளியும் செள்ளுக்குச் சுண்ணாம்பு அடித்தல் வேண்டும்.

3. ஆகாரம்

மேய்ந்து திரியும் கோழி தன் ஆகாரத்தில் ஒரு பங்கைத் தானே தேடிக்கொள்ளும். காலையிலும் மாலையிலும் நொய், கம்பு, சோளம், தவிடு ஆகியவற்றில் கிடைப்பதை ஒவ்வொரு கோழிக்கும் ஒரு கைப்பிடி வீதம் போடலாம். மாலையில் கூண்டின் அருகே போடுவதனால், அவை தாமாக வீடு திரும்பும் வழக்கமும் ஏற்படும். முட்டை ஓடு உறுதிப்படக் கிளிஞ்சலைப் பொடித்து ஒரு சிரட்டையில் வைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் தானியமும் விஷத்துக்குச் சமானம். "கோழிக்குத்தானே" என்று அவற்றைப் போடலாகாது. கோடையில் நிழலில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருத்தல் அவசியம்.

குஞ்சுகளுக்குச் செலவில்லாத நல்லாகாரம் கரையான். ஒரு பழம்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு முதலியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால், மறுநாட் காலையில் பானை நிறையக் கரையான் சேர்ந்திருக்கும். நமது பெரியோர்கள் கையாண்ட இம்முறை இன்றும் பயன் தருவதே.

4. அடை வைத்தல்

ஒரு நாட்டுக்கோழியின் கீழ் 10 அல்லது 12 முட்டைகளே வைக்க வேண்டும். அதற்கு மேற்பட்டால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு எட்டாது. அடைக்கு எடுக்கும் முட்டைகள் ஒரு வாரத்துக்கு மேல் பழையவையாக இருத்தல் கூடாது. கோடையில் மூன்று நான்கு நாட்களுக்குட்பட்டவையே நலம். அவற்றைக் குளிர்ந்த இடத்தில், கூரிய முனை கீழே இருக்கும்படி வைத்தல் வேண்டும்; கழுவலாகாது. ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் விளக்கொளிக்கு நேரே முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருவுள்ளதில் சிலந்தி வலை போலச் சிவந்த நரம்புகள் தோன்றும். ஒன்றும் தோன்றாதவை கூமுட்டைகள், அவற்றை எடுத்துவிடலாம். இடி இடித்தால் முட்டை கெடுமென்று அடையில் இரும்புத் துண்டும் அடுப்புக் கரியும் வைப்பது வழக்கம். அதனால் தீங்கில்லை, ஆனால் இரும்பை வைத்தவர் தண்ணீரும் தீனியும் அருகில் வைக்க மறத்தல் ஆகாது. அடைக்கோழி தினம் ஒரு முறையே சிறிது நேரம் எழுந்து வரும்.

பொரித்த குஞ்சுகளுக்குக் காக்கையும் பருந்துமே முதற் சத்துருக்கள். முதல் சில வாரங்களில் தாயையும் குஞ்சுகளையும் பகலில் பஞ்சாரத்தின் கீழ் கவிழ்த்து வைத்து, ஆள் இருக்கும் வேளையில் மாத்திரம் திறந்துவிடுதல் நன்று.

5. நோயும் அடியேன் கற்ற பாடமும்

வீட்டுக் கோழிகளைக் கூட்டத்தோடு அழிப்பது வெள்ளைக்கழிச்சல் என்று நம் ஜனங்கள் சொல்லும் ராணிக்கெட் நோயாகும். 1926-ல் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தருகிலும் கண்டறியப்பட்ட இந்நோய், அதையடுத்து நம் நாட்டில் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட்டில் காணப்பட்டதால் இப்பெயர் பெற்றது. நோய்ப்பட்ட கோழி சிறகு தொங்கி ஒடுங்கி நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்துத் திருகிக்கொள்ளும். நோய் வந்த பின் தீர்க்கும் மருந்து கிடையாது. வருமுன் காப்பது ஒன்றே வழி.

அடியேன் முதன் முதலில் ஒரு சேவலும் ஆறு பெட்டைகளும் வைத்திருந்தேன். மூன்று மாதம் யாதொரு குறைவுமின்றி நடந்தது. அதன்பின் ஒரு சந்தை நாளில், கடை கலையும் நேரத்தில், மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு பெட்டைகளை வாங்கி வந்து, அன்றிரவே மற்றவற்றுடன் அடைத்துவிட்டேன். தன் வீட்டில் கோழிகள் சாகத் தொடங்கியதும், மிஞ்சியவற்றைச் சந்தைக்குக் கொண்டுவருவோரும் உண்டென்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. நான்காம் நாள் புதுக்கோழி ஒன்று ஒடுங்கிற்று. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுத்தேன். பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் ஒரே ஒரு பெட்டை தவிர யாவும் மாண்டன. மாண்டவற்றைப் புதைக்காமல் எருக்குழியில் எறிந்தேன். சங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவன் வீட்டுக் கோழிகளெல்லாம் செத்தன என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

எங்கள் அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டியார் தனியே வசித்தார். அவருக்கு எட்டுக் கோழிகள் இருந்தன. முட்டை விற்ற காசில் மாதந்தோறும் சிறிது எங்கள் சங்கத்தில் சேமிப்பாகக் கட்டி வந்தார். அவருடைய கோழிகள் அதே எருக்குழியைக் கிளறி மேய்பவை. அடுத்த வாரத்தில் எட்டும் போயின. நான் சென்று நடந்ததைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "தம்பி, நோய் யார் வீட்டுக்கும் வரும். முதல் கோழி செத்த அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் கோழிகளைப் பத்து நாள் கொல்லையிலேயே அடைத்து வைத்திருப்பேனே," என்றார். அம்மாதம் பேரேட்டில் அவர் பெயருக்கு எதிரே வரவு இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. அந்த இரண்டு வெற்றிடங்களையும் தணிக்கையில் பார்த்துக் கையெழுத்திட்டவன் நானே.

6. கைக்கொள்ள வேண்டிய விதிகள்

இந்த அனுபவத்திலிருந்து பின்வரும் விதிகளைச் சொல்லத் துணிகிறேன்.

முதலாவது, கோழிகளைச் சந்தையில் வாங்காமல், தெரிந்த வீட்டில், கூட்டம் முழுவதையும் கண்ணால் பார்த்த பின்னர் வாங்க வேண்டும்.

இரண்டாவது, புதிதாக வந்த எந்தக் கோழியையும் மூன்று வாரம் தனியே, தனித் தீனிச் சட்டியும் தனித் தண்ணீர்ச் சட்டியும் வைத்து அடைக்க வேண்டும். அதற்குத் தீனி போடுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டு, பிறகு கை கால்களைக் கழுவ வேண்டும்.

மூன்றாவது, குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் போடும் ஊசியும் தவறலாகாது. அதன்பின் கால்நடை மருத்துவர் சொல்லும் தவணையில் மறுபடியும் போட வேண்டும். இம்மருந்து பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவரப்பட வேண்டியது. கலக்கிய பின் தாமதமின்றிச் செலவிட வேண்டும். வெயிலில் கிடந்த மருந்து வெறுந் தண்ணீருக்கு ஒப்பானது. ஊசி போட்ட அன்றே காப்பு உண்டாகாது. இரண்டு வாரமாவது ஆகும். ஆகையால் அக்கம்பக்கத்தில் நோய் வருமுன்பே போட்டுவிட வேண்டும்.

நான்காவது, மாண்ட கோழியை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். எருக்குழியிலோ வாய்க்காலிலோ எறியலாகாது. நோய்ப்பட்ட கோழியை விற்றலும், அறுத்து அயல் வீட்டாருக்குக் கொடுத்தலும் கூடாது.

ஐந்தாவது, முதற் கோழி ஒடுங்கிய அன்றே அண்டை வீட்டாருக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லிவிட வேண்டும். இதில் வெட்கத்துக்கு இடமில்லை. எல்லா விதிகளிலும் செலவு குறைந்ததும், அனுசரிக்கக் கடினமானதும் இதுவே.

7. கூட்டு முயற்சி

1904-ம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்படி அமைந்த கிராமச் சங்கங்களில், அங்கத்தினர்களின் பொறுப்பு வரையற்றதாக இருப்பதே பொது விதியாயிருந்தது. ஒருவர் தவறினால் மற்றவர் தலையில் விழும். அதனாலேயே ஒருவரையொருவர் கவனித்து நடந்தனர். சட்டங்கள் பிற்காலத்தில் மாறின. ஆனால் கோழி விஷயத்தில் வரையற்ற பொறுப்பு இன்றும் மாறவில்லை. கோழிக்கு வேலி தெரியாது. ஒரு வீட்டார் ஊசி போட்டு அடுத்த வீட்டார் போடாவிடில், தெருவில் நோய் தங்க இடமிருந்துகொண்டே இருக்கும்.

மேலும், ஒரு புட்டி மருந்து பல கோழிகளுக்கு ஆவது. ஆறு கோழிக்காகத் திறந்தால் மிச்சம் வீணாகும். தெருவார் ஒரே நாளில் கூடினால் வீணின்றி முடியும். விற்பனையிலும் இவ்வாறே. கன்னியாகுமரி ஜில்லாவிலுள்ள மார்த்தாண்டம், திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த 1920-களில், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் தலைமையில் அங்கே கிராம புனருத்தாரண வேலை நடத்தினர். கோழி வளர்ப்பை விருத்தி செய்ததோடு நில்லாமல், முட்டைகளைக் கூட்டுறவு முறையில் விற்கவும் அவர்கள் ஏற்பாடு செய்தனர். தனித்தனியே நாலு முட்டை விற்பவருக்குக் கிடைக்காத விலை, சேர்ந்து விற்பவருக்குக் கிடைக்கும் என்பது அவர்கள் காட்டிய வழி.

அடியேன் கூண்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு மாதம் வெறுமையாக விட்டு, மறுபடியும் தொடங்கினேன். இம்முறை கோழி வாங்குமுன் தெருவிலுள்ள வீடுகளுக்குச் சென்று, ஊசி போடும் நாளைக் குறித்துக்கொண்டேன். முதலில் பொரித்த குஞ்சுகளில் நான்கு பெட்டைகளை, ஊசி போட்ட பின்னர், அம்மூதாட்டியாரிடம் ஒப்புவித்தேன். இப்போது அவர் பெயருக்கு எதிரே மாதந்தோறும் வரவு பதிவாகிறது.

ஆகவே நேயர்களே! கூண்டு முதலாவது, ஊசிக்கு ஏற்பாடு இரண்டாவது, கோழி மூன்றாவது. இவ்வரிசையை மாற்றாமல் நடப்போர், குழந்தைகளுக்கு நல்லாகாரமும் வீட்டுச் செலவுக்குச் சிறு வரும்படியும் பெறுவதோடு, அயலாருடைய பொருளையும் காத்தவராவர்.