நூலகமும் சிறுதொழிலும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

ஒரு தொழில் தொடங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால், பணம், இடம், ஆள், மூலப்பொருள் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். இவற்றோடு ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டியது தகவல். எந்தப் பொருளை எந்த அளவில் கலப்பது, என்ன தரம் இருக்க வேண்டும், எந்தச் சட்டம் பொருந்தும், கடனுக்கு யாரை அணுகுவது என்பவை தெரியாவிட்டால் மற்ற நான்கும் இருந்தும் பயனில்லை. பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே ஆய்வுக்கூடமும் தணிக்கையாளரும் வழக்கறிஞரும் வைத்திருக்கின்றன. மாவு அரைத்து விற்பவருக்கும் தையற்கடை நடத்துபவருக்கும் அந்த வசதி ஏது? அவர்களுக்காக ஊரே கூடி வைத்துக்கொண்ட ஆய்வுக்கூடம் பொது நூலகம் என்பதே இக்கட்டுரையில் நான் கூற விழைவது.

வரியும் உரிமையும்

விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை முதலில் கண்ட பெருமை நம் மாநிலத்துக்கு உண்டு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1950-இல் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய சட்டம் வேண்டும் என்று பல்லாண்டுகள் பாடுபட்டவர் எஸ். ஆர். இரங்கநாதன். 1892-இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராகப் பணியாற்றி, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர்.

இச்சட்டத்தின்படி உள்ளாட்சி மன்றங்கள் சொத்துவரியோடு சேர்த்து நூலக வரியும் தண்டுகின்றன. அது இன்று சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. ஒரு கடைக் கட்டடத்துக்கு ஆண்டுச் சொத்துவரி 2,000 ரூபாய் என்றால் நூலக வரி 200 ரூபாய். வாடகைக்கு இருக்கும் கடைக்காரர் இதை நேரே கட்டுவதில்லை. ஆனால் கட்டட உரிமையாளரின் செலவுகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் வாடகைக்குள் வந்து சேர்வதை நாம் அறிவோம். ஆகவே நூலகத்தைத் தாங்குவோரில் சிறு வணிகரும் ஒருவர். கொடுத்ததற்கு ஈடாக அவர் எதையேனும் பெறுகிறாரா?

ஓர் எடுத்துக்காட்டு

எங்கள் தெருவில் ஓர் அக்கா, மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் பெற்று வீட்டிலேயே சோப்புக் காய்ச்சி விற்கிறார். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 180 கிராம் காஸ்டிக் சோடா என்பது அவர் பயிற்சியில் கற்ற கணக்கு. தேங்காய் எண்ணெய் விலை ஏறியபோது, பாதிக்குப் பாதி கடலை எண்ணெய் கலந்தார். காரத்தின் அளவை மாற்றவில்லை. வாங்கியவர்கள் கை எரிகிறது என்று சோப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கடன் தவணை மட்டும் திரும்பிப் போகவில்லை.

இதற்கான காரணம் எளியது. ஓர் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறத் தேவைப்படும் காரத்தின் அளவு எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கடலை எண்ணெய்க்குச் சுமார் 136 கிராமும், ஆமணக்கெண்ணெய்க்குச் சுமார் 128 கிராமும் போதும். பாதிக்குப் பாதி கலந்தால் தேவை ஏறத்தாழ 160 கிராம்தான். மிஞ்சிய இருபது கிராம் காரமே தோலை எரித்தது.

இந்த எண்களைக் கொண்ட அட்டவணை மாவட்ட மைய நூலகத்தில், எண்ணெய்த் தொழில் பற்றிய ஒரு நூலில் இருந்தது. அதை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். “அது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் போகிற இடம் அல்லவா, தம்பி?” என்றார் அக்கா. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பதும் இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டு. அந்த நூலும் அந்த அக்காவும் ஒரே நகரில் இருந்தும் ஒருவரையொருவர் அறியாதிருந்தனர்.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் நூவர்க் நகர நூலகராக இருந்த ஜான் காட்டன் டானா, 1904-இல் வணிகர்களுக்கென்றே ஒரு கிளை நூலகம் திறந்தார். வணிகர் நூலகத்தைத் தேடி வராவிட்டால் நூலகம் கடைவீதிக்குப் போகட்டும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் 2006-இல் தொழில் முனைவோருக்கான தனி மையம் ஒன்றைத் தொடங்கியது. பின்னர் அது பிற நகர நூலகங்களுக்கும் பரவியது. புதுக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறுவது எப்படி, சந்தை நிலவரம் என்ன என்பவற்றை அங்கே கேட்டறியலாம்.

நம் நூலகங்களும் ஒரு தொழிலை ஏற்கெனவே தாங்கி வருகின்றன. அது தமிழ்ப் பதிப்புத் தொழில். பொது நூலகத்துறை வாங்கும் படிகளை நம்பியே சிறு பதிப்பகங்கள் பல நூல்களை அச்சேற்றுகின்றன. அச்சகம், கட்டுநர், தாள் வணிகர் எனப் பலருக்கும் அதனால் வேலை கிடைக்கிறது. இந்த ஆதரவு பிற தொழில்களுக்கும் நீளலாமே!

செய்யத் தக்கவை

ஒன்று: ஒவ்வொரு கிளை நூலகத்திலும் உள்ளூர்த் தொழிலுக்கேற்ற ஒரு தனி அலமாரி வேண்டும். நெசவு ஊரில் சாயம் பற்றியும், கடலோர ஊரில் மீன் பதனிடுதல் பற்றியும் தமிழ் நூல்கள் அதில் இருக்கட்டும்.

இரண்டு: இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள தர அளவுகளை இன்று இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ‘உத்யம்’ பதிவுக்கும் கட்டணம் கிடையாது. இது தெரியாமல் இடைத்தரகருக்குப் பணம் கொடுப்போர் உண்டு. நூலகக் கணினியும் வழிகாட்ட ஓர் ஆளும் இருந்தால் அந்தப் பணம் தொழிலிலேயே தங்கும்.

மூன்று: மாவட்டத் தொழில் மைய அலுவலர் மாதம் ஒரு நாள் நூலகத்தில் அமர்ந்து ஐயங்களைத் தீர்த்து வைக்கலாம்.

முடிவுரை

பணியாளர் குறைவு, இடக்குறை என்று நூலகங்களுக்குத் தடைகள் இருப்பதை மறுக்கவில்லை. ஆயினும் மாணவ நண்பர்களே, நூலுக்கும் தொழிலாளிக்கும் இடையே பெரும்பாலும் நிற்பது ஆங்கிலமும் அட்டவணையும்தாம். இவை இரண்டையும் ஓரளவேனும் படிக்கக் கற்றுக்கொண்டிருப்பவர்கள் நாம். வணிகவியல் மாணவர் கணக்கேட்டையும், தாவரவியல் மாணவர் நாற்றங்காலையும், வேதியியல் மாணவர் சாயத்தையும் சோப்பையும் பற்றி, வாரம் ஒரு மணி நேரம் நூலகத்தில் அமர்ந்து விளக்க முடியாதா? நாட்டு நலப்பணித் திட்டத்தில் இதற்கும் ஓர் இடம் தருமாறு பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். வரி கட்டியவர் வாசலுக்கு வரத் தயங்கினால், அழைத்து வருவது படித்தவர் கடமை.