இது மொய் இல்லை

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். மொய் விருந்துக்குப் பேர்போன பகுதி. ஆடி பிறந்தால் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். வாங்கியது ஒரு ரூபாய் விடாமல் நோட்டில் ஏறும். பின்னால் திருப்பிச் செய்தாக வேண்டும். அதனால் பக்கத்துத் தெருப் பெண்குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று சேதி வந்ததும், "அவ அப்பன் பேர்ல ஒரு விருந்து வச்சிரலாம்" என்றுதான் ஊரில் முதலில் பேச்சு எழுந்தது.

மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். வேண்டாம் என்றேன். மொய் கடன்தானே? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் தலையில் அதையும் ஏற்றுவதா? தனி நோட்டுப் போட்டு, முதல் பக்கத்தில் ‘இது மொய் இல்லை, திரும்பக் கேட்பதில்லை’ என்று எழுதி, அதற்குக் கீழே கொடுத்தவர்களிடம் கையெழுத்தும் வாங்கினோம். கஜா புயலில் தென்னையைப் பறிகொடுத்தவர்கள்கூடக் கொடுத்தார்கள்.

வந்த பணத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவளுக்கு வந்தது போன்ற ரத்தப் புற்றுநோய் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குணமாகிவிடுகிறது. ஆனால் வைத்தியம் இரண்டரை, மூன்று வருஷம் இழுக்கும். முதல் மாதம் ஊரே வாசலில் நிற்கும். ஆறாவது மாதம் யாரும் இருக்க மாட்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவுக்குக் கிடைக்கும். வைத்தியம் நடக்கும் சென்னையில் அறை வாடகை, ஆட்டோ, அப்பன் இழக்கும் கூலி இதெல்லாம் அதில் சேராது. அதற்குத்தான் நோட்டுப் பணம். மாதாமாதம் தாய் கணக்கில் போட்டோம், அவள் கேட்காமலே. ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்று வாங்கி வைத்துக்கொண்டால் உழவன் எக்ஸ்பிரஸில் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் போய்வருவது சுலபம்.

ரத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "நாளைக்கே வேன் பிடிச்சு முப்பது பேர் போறோம்" என்று பையன்கள் கிளம்பினார்கள். நல்ல மனசுதான், ஆனால் பயனில்லை. இந்தக் குழந்தைகளுக்கு அடிக்கடி தேவைப்படுவது தட்டணுக்கள்; அவற்றை ஐந்து நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஒரே நாளில் முப்பது பேர் கொடுத்து என்ன செய்வது? சென்னையிலும் ஒரகடத்திலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் பெயர், ரத்த வகை, எந்த ஷிப்ட் என்று ஒரு பட்டியல் எடுத்தோம். போன் வந்தால் இருவர் மட்டும் போவார்கள். ஒருவருக்கு நரம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் அடுத்தவர் இருக்க வேண்டும் அல்லவா? மிஷின் தட்டணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்ச ரத்தத்தை உடம்புக்கே திருப்பி அனுப்பிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் உதடு மரமரக்கும். முதலில் போன பையன் பயந்து எனக்கே போன் போட்டான். பக்கத்திலிருக்கும் நர்ஸிடம் சொன்னால் கால்சியம் மாத்திரை தருவார்கள், அவ்வளவுதான். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டவர்கள் போக வேண்டாம்.

குழந்தை ஊருக்கு வந்திருக்கும்போது பார்க்கப் போகிறவர்கள் தொல்லை தனி. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பியிருக்கும். "நல்லா தேறிட்டாளே!" என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு உருளைக்கிழங்கு வறுவல் கேட்டு அழும் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அதைக் கேட்டால் எப்படி இருக்கும்? பப்பாளி இலைச்சாறு, கழுதைப்பால் யோசனைகளை வாசலிலேயே நிறுத்துவதற்கென்று ஓர் ஆள் வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் குழந்தையின் பெரியம்மா. அவரைத் தாண்டி ஒரு சாறும் உள்ளே போகவில்லை.

ஆனால் அம்மை விஷயத்தில் விளையாடக் கூடாது. வாசலில் வேப்பிலை சொருகினாலும், ஆத்தா வந்திருக்கிறாள் என்று வெளியே சொல்ல மாட்டார்கள் நம் பக்கம். கீமோ நடக்கும் குழந்தைக்குச் சின்னம்மை தொற்றினால் உயிருக்கே ஆபத்து. வகுப்பில் யாருக்கு வந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடும்படி டீச்சரிடம் கேட்டுக்கொண்டோம். அம்மை வந்தவரோடு குழந்தை பழகியது தெரிந்தால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். காய்ச்சலும் அப்படித்தான். 100.4 டிகிரி காட்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியில் கார் எடுக்கச் சம்மதித்த மூன்று பேரின் நம்பர் அந்த வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது.

அந்த வீட்டு மாடு, பால் சொசைட்டி, தேங்காய் வெட்டு எல்லாவற்றையும் பங்காளிகள் பார்த்துக்கொண்டார்கள். அவள் தம்பிப் பயலுக்குத்தான் ஆளுக்கொரு நாள் சோறு என்று முறை வைக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை. தினம் ஒரு வீட்டுத் தட்டில் சாப்பிடுகிற பிள்ளைக்கு எந்த வீடு அவன் வீடு? அத்தை வீடு ஒன்றிலேயே இருந்தான். மற்றவர்கள் அரிசியும் மளிகையும் அங்கே கொடுத்தார்கள்.

சிகிச்சை முடிந்து பள்ளிக்கூடம் போகிறாள் இப்போது. பரிசோதனைக்கு மட்டும் சென்னை. நோட்டில் கொஞ்சம் பணம் மிச்சம். அடுத்த ஊரில் சிறுநீரகக் கோளாறோடு ஒரு பையன் இருக்கிறான், அவனுக்குக் கொடுக்கலாம் என்கிறார் அவள் அப்பா. நம் ஊர்ப் பணம் நம் ஊரிலேயே இருக்கட்டும் என்கிறார்கள் சிலர். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டிருக்கிறோம். நான் அப்பா பக்கம்தான்.