சத்தம் கேட்டா அணை கட்டும்: பீவர் நடத்தும் ஹைட்ராலிக்ஸ் வகுப்பு

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் தொடர்ச்சிச் சமன்பாடு, குழாய் உராய்வு இழப்பு எல்லாம் படிச்சு, ரெண்டு மார்க் கேள்விக்கு எழுதிட்டு மறந்திருப்போம். அதே ரெண்டு விஷயத்தையும் வச்சு ஒரு காட்டையும் ஒரு மிருகக் குடும்பத்தையும் சேர்த்தே காப்பாத்த முடியும்னு சொன்னா நம்புவீங்களா? இந்த இதழின் பாடம் அதுதான்.

முதலில் களம். அமெரிக்காவின் வடகிழக்கில் மாசசூசெட்ஸ் மாநிலம். அங்கே உங்களுக்குப் பத்து ஏக்கர் மரக்காடு இருக்குன்னு வச்சுக்குவோம். நடுவில் ஒரு சின்ன ஓடை. ஓடைக்குப் பக்கத்தில் உங்க தாத்தா காலத்துச் சர்க்கரை மேப்பிள் மரங்கள். பால் இறக்கி சிரப் காய்ச்சுற அளவுக்கு ஒரு மேப்பிள் வளர சுமார் 40 வருஷம் ஆகும். ஒருநாள் போய்ப் பார்த்தா, ஓடை இருந்த இடத்தில் குளம். மரமெல்லாம் முழங்கால் அளவு தண்ணியில் நிக்குது. கீழே குச்சியும் சேறும் வச்சு யாரோ அணை கட்டியிருக்காங்க. அந்த யாரோதான் பீவர்.

யார் இந்தப் பீவர்?

கொறித்துண்ணி இனம். நம்ம அணிலுக்கும் எலிக்கும் தூரத்துச் சொந்தம். ஆனா எடை 15 முதல் 30 கிலோ வரை போகும். வால் துடுப்பு மாதிரி தட்டை. முன்பல் ஆரஞ்சு நிறம், காரணம் பல்லின் மேற்பூச்சில் இரும்புச் சத்து இருக்கு. அந்தப் பல்லால்தான் மரத்தையே சாய்க்குது. (நீர்நாயோடு குழப்பிக்காதீங்க. அது மீன் தின்னி. பீவர் சுத்த சைவம். மரப்பட்டை, இலை, நீர்த்தாவரம்தான் சாப்பாடு.)

அணை எதுக்கு? பாதுகாப்புக்கு. பீவர் கரையில் மெதுவா நடக்கும், தண்ணிக்குள் வேகமா நீந்தும். வீட்டு வாசலைத் தண்ணிக்கு அடியில் வச்சிருக்கும், அதனால ஓநாயும் கரடியும் உள்ளே வர முடியாது. பனிக்காலத்தில் மேலே உறைஞ்சாலும் அடியில் தண்ணி இருந்தாத்தான் வெளியே போகவும், அடியில் பதுக்கி வச்ச கிளைகளை எடுத்துச் சாப்பிடவும் முடியும். ஆக, அதுக்குக் குறைஞ்சபட்ச ஆழம் வேணும். இந்த ஒரு வரியை மனசில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மரம் ஏன் சாகுது?

பீவர் கடிச்சுச் சாய்க்கிற மரத்தைவிட, கடிக்காமலே சாகடிக்கிற மரம் பல நேரங்களில் அதிகம். வேர் மூச்சு விடுறது மண் துகள்களுக்கு இடையில் இருக்கிற காற்றால். அந்த இடைவெளியில் தண்ணி நிரம்பினா, ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் இருப்பதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். குளிர்காலத்தில் மரம் தூங்கும்போது இதைத் தாங்கிக்கும். வளரும் பருவத்தில் தாங்காது. சிவப்பு மேப்பிள் ஓரளவு சமாளிக்கும். சர்க்கரை மேப்பிளும் வெள்ளைப் பைனும் சமாளிக்காது. 40 வருஷத்து மரம் ஒண்ணு ரெண்டு கோடையில் பட்டுப்போகும். அதனால நிலத்துக்காரர் கோபப்படுவதில் நியாயம் இருக்கு. அவருக்கு இது அழகான வனவிலங்குக் காட்சி இல்லை, சொத்து இழப்பு.

சட்டுன்னு தோணுற மூணு வழி

இதை ஹாஸ்டலில் சொன்னதும் ரூம்மேட் சொன்ன பதில்: "டேய், ஒரு ஜேசிபியை விட்டு அணையை உடைச்சா மேட்டர் ஓவர்!" நானும் முதலில் அப்படித்தான் நினைச்சேன். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. அணையை உடைப்பது. ராத்திரியே பீவர் திரும்பக் கட்டிடும். அதுவரை இருந்த தண்ணி ஒரே நேரத்தில் இறங்கி, கீழே இருக்கிறவர் நிலத்தையும் ரோட்டையும் அடிச்சுட்டுப் போகலாம். மாசசூசெட்ஸில் அனுமதி இல்லாம பீவர் அணையைக் கலைப்பது சட்டவிரோதமும்கூட.

2. பிடிச்சு வேற இடத்தில் விடுவது. கேட்க நல்லாயிருக்கு. 1948-இல் ஐடஹோ மாநிலத்தில் பீவர்களைப் பெட்டியில் வச்சு விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கியே குடியேத்தியிருக்காங்க! ஆனா மாசசூசெட்ஸில் காட்டு விலங்கை இப்படி இடம் மாத்த நிலத்துக்காரருக்கு அனுமதி இல்லை. நீங்க விடுற இடத்தில் ஏற்கெனவே வேற குடும்பம் இருக்கலாம், இல்லைன்னா பிரச்சினை இன்னொருத்தர் தலையில் போய் விழும்.

3. பொறி வச்சுக் கொல்வது. அங்கே இதுக்கு நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பருவம் உண்டு. 1996-இல் மக்கள் வாக்கெடுப்பில் உடலை நெரிக்கும் பொறி வகைகளுக்குப் பெரும்பாலும் தடை வந்தது. 2000-இல் சட்டம் திருத்தப்பட்டு, கிணறு, செப்டிக் டேங்க், சாலை மாதிரி பொதுச் சுகாதாரமோ பாதுகாப்போ கெடும்போது உள்ளூர்ச் சுகாதாரக் குழு அவசர அனுமதி தரலாம்னு ஆச்சு. சில இடத்தில் இது தவிர்க்க முடியாதது. ஆனா பீவர் குட்டிகள் சுமார் ரெண்டு வயசில் வீட்டை விட்டுப் புது இடம் தேடிக் கிளம்பும். நல்ல ஓடை, நல்ல மரம், பாதி கட்டின அணை... காலி வீடு ரொம்ப நாள் காலியா இருக்காது. வருஷா வருஷம் அதே வேலை.

மூணு வழியிலும் ஒரே குறை. பீவர் எதைக் கேட்டு, எதைப் பார்த்து வேலை செய்யுதுன்னு யாரும் யோசிக்கலை.

ஸ்பீக்கர் மேல் கட்டின அணை

ஸ்வீடனின் லார்ஸ் வில்சன் என்ற ஆய்வாளர், 1960-களில் கூண்டில் வளர்த்த பீவர்களுக்குத் தண்ணி ஓடுற சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார். அங்கே ஓடும் தண்ணியே இல்லை. ஆனாலும் பீவர்கள் சத்தம் வந்த இடத்தில் குச்சிகளைக் கொண்டு வந்து குவிச்சது! சத்தம் மட்டும்தான் காரணம்னு இல்லை, நீரோட்டத்தையும் கசிவையும் அது உடம்பால் உணரவும் செய்யும். ஆனா அடிப்படை புரியுது: சத்தம், இழுப்பு, கசிவு இருக்கிற இடத்தை அடைக்கும்.

அப்போ நம்ம டிசைன் கேள்வி மாறுது. "பீவரை எப்படி நிறுத்துறது?" இல்லை. "பீவருக்குத் தெரியாம தண்ணியை எப்படி வெளியேத்துறது?"

குளச் சமன்படுத்தி

இதுக்கு அங்கே வச்சிருக்கிற கருவியைத் தமிழில் குளச் சமன்படுத்தின்னு சொல்லலாம். தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஒரு வடிவம் உருவாச்சு. ஸ்கிப் லைல் என்பவர் மேய்ன் மாநிலத்தில் பெனோப்ஸ்காட் பழங்குடியினர் நிலத்தில் வேலை பார்த்தபோது, சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலங்களைக் காக்கும் வேலி வடிவத்தை உருவாக்கினார். நம்ம கேஸுக்குத் தேவையான வடிவம் இதுதான்:

- அணையில் ஒரு வெட்டு வெட்டி, சுமார் 30 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயைப் பதிக்கணும். அணையைத் தாண்டும் இடத்தில் குழாய் எந்த உயரத்தில் இருக்கோ, அதுதான் இனி குளத்தின் நீர்மட்டம்.
- குழாயின் மேல்முனை குளத்துக்குள் பல மீட்டர் தள்ளி, ஆழமான இடத்தில், தண்ணிக்கு அடியில் இருக்கணும்.
- அந்த முனையைச் சுத்தி 1.8 மீ. விட்டத்தில் உருளைக் கம்பிவலைக் கூண்டு. வலைக்கண் 15 செ.மீ. அளவு.

நம்ம ஊர் ஏரியில் மதகும் கலிங்கும் பார்த்திருப்பீங்க இல்லையா? இந்தக் குழாய் ஒரு மதகு. பீவர் அணையின் மேல்விளிம்பு கலிங்கு. அவ்வளவுதான் விஷயம்.

கணக்குப் போடலாம் வாங்க

கூண்டு ஏன் அவ்வளவு பெருசு? குழாய் வாயில் சின்ன வலை மாட்டினா போதாதா? போதாது.

குழாயின் குறுக்குப் பரப்பு = 3.14 × 0.15 × 0.15 = சுமார் 0.07 ச.மீ.
குழாயில் வேகம் நொடிக்கு 1 மீ. என்றால், ஓட்டம் = நொடிக்கு 0.07 க.மீ., அதாவது 70 லிட்டர்.
கூண்டு 0.9 மீ. தண்ணிக்குள் நின்னா, பக்கப் பரப்பு = 3.14 × 1.8 × 0.9 = சுமார் 5 ச.மீ.
கூண்டு விளிம்பில் வேகம் = 0.07 ÷ 5 = நொடிக்கு 1.4 செ.மீ.

அதே தண்ணிதான் போகுது, ஆனா கூண்டுக்கு வெளியே வேகம் எழுபதில் ஒரு பங்கு. பீவர் பக்கத்தில் நீந்தினாலும் பெருசா இழுப்பு இல்லை. வாய் தண்ணிக்கு அடியில் இருப்பதால் சலசலப்பும் இல்லை. கசிவைத் தேடி அது அணைக்குத்தான் போகும், கூண்டுக்கு வராது. கிணத்து மோட்டாரின் ஃபுட் வால்வில் ஓட்டைகளின் மொத்தப் பரப்பு குழாயைவிடப் பல மடங்கு இருக்கும், பார்த்திருக்கீங்களா? லேபில் ஏன்னு கேட்டப்போ "குப்பை வராம இருக்க, சார்"னு மட்டும் சொன்னேன். மீதிப் பாதி பதில் இப்போதான் புரிஞ்சது: வேகம் குறைஞ்சாத்தான் குப்பையும் வந்து ஒட்டாது.

அடுத்து, நொடிக்கு 1 மீ. வேகத்துக்கு எவ்வளவு நீர்மட்ட வித்தியாசம் வேணும்? 12 மீ. நீளக் குழாய், உராய்வுக் கெழு 0.02 என்று வச்சா, உராய்வு இழப்பு 0.8, நுழைவு இழப்பு 0.5, வெளியேற்ற இழப்பு 1. மொத்தம் 2.3. இதை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 2 × 9.81-ஆல் வகுத்தா சுமார் 12 செ.மீ.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. வேகம் இந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். ஓட்டம் இரட்டிப்பாகணும்னா 12 இல்லை, 47 செ.மீ. வேணும். அதனால பெருமழையில் இந்தக் குழாய் வெள்ளத்தை அடக்காது. மீதி அணை மேல் வழிஞ்சு போகும், மழை நின்னதும் மட்டம் மெதுவா இறங்கும். மரத்துக்கு ரெண்டு மூணு நாள் வெள்ளம் பிரச்சினை இல்லை. மாசக்கணக்கில் நிக்கிற தண்ணிதான் பிரச்சினை.

எங்கே இது வேலை செய்யாது?

முன்னாடி ஒரு வரியை மனசில் வைக்கச் சொன்னேனே, குறைஞ்சபட்ச ஆழம்? குளத்தை மொத்தமா வத்த வச்சா, பீவர் கீழே போய் இன்னொரு அணை கட்டும். ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழமாவது மிச்சம் விடணும். அவ்வளவு தண்ணிகூட நிக்கக் கூடாத இடம் என்றால், உதாரணமா வீட்டு அடித்தளம் பக்கத்திலேயே இருந்தா, கருவி பயன்படாது. அங்கே பொறிதான் வழின்னு இந்தக் கருவியை வைக்கிறவங்களே ஒத்துக்கிறாங்க. கூண்டைப் பொருத்திட்டு மறந்துடவும் முடியாது. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போய்க் குப்பை எடுக்கணும்.

தனி மரங்களைக் காக்க இன்னும் எளிய வழி: அடிமரத்தைச் சுத்தி 1.2 மீ. உயரத்துக்குக் கம்பிவலை, மரம் பெருக்க இடம் விட்டு. இல்லைன்னா பெயின்ட்டில் மணலைக் கலந்து பூசலாம். பல்லில் நறநறன்னா யாருக்குத்தான் பிடிக்கும்?

கணக்கில் வராத வரவு

கலிஃபோர்னியாவின் மார்ட்டினெஸ் ஊரில் 2007-இல் ஊர் நடுவே ஓடையில் பீவர் அணை கட்டியது. வெள்ளம் வரும்னு பயந்து நகர நிர்வாகம் கொல்லத் திட்டமிட்டது, மக்கள் எதிர்த்தாங்க. 2008-இல் ஸ்கிப் லைல் வந்து கருவி வச்சார். பீவர்கள் அங்கேயே இருந்தன, ஊர் மூழ்கலை.

பீவர் குளம் நிலத்தடி நீரைப் பிடிச்சு வைக்கும். மேற்கு அமெரிக்காவில் காட்டுத்தீ வந்தபோது பீவர் இருந்த ஓடைக்கரைகள் மற்ற கரைகளைவிடப் பச்சையா நின்னதை செயற்கைக்கோள் படங்களை வச்சு 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. பட்டுப்போன மரத்தில்கூட நாரை கூடு கட்டும். ரோமத்துக்காக வேட்டையாடி, மாசசூசெட்ஸில் 1700-களின் முடிவுக்குள் பீவரே இல்லாமப் போச்சு. 1928-இல்தான் திரும்ப ஒண்ணு கண்ணில் பட்டது. அப்படித் திரும்பி வந்தவங்களோடுதான் இந்தப் பேரம். நமக்கு மேப்பிள், அதுக்கு ஒரு மீட்டர் தண்ணி.

உங்களுக்கு ஒரு கணக்கு

குளம் 1 ஏக்கர், அதாவது சுமார் 4,047 ச.மீ. மட்டத்தை 30 செ.மீ. குறைக்கணும். ஓடையிலிருந்து வரத்து இல்லை, ஓட்டம் நொடிக்கு 70 லிட்டர் மாறாம இருக்குன்னு வச்சா எத்தனை மணி நேரம்? (சுமார் 5 வரணும்.) நிஜத்தில் இதைவிட நிறைய நேரம் ஆகும். ஏன்னு ரெண்டு காரணம் எழுதுங்க. ஒரு காரணம் இந்தக் கட்டுரையிலேயே இருக்கு. இன்னொண்ணுக்கு, மழைக்கு அடுத்த நாள் ஏதாவது ஒரு ஓடைக்கரையில் போய் நின்னு பாருங்க.