விளையாட்டுப் பொறியும் எதிர்விகிதமும்

1978ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய டைட்டோ, 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் மின்னணு விளையாட்டுப் பொறியை வெளியிட்டது. காசு இட்டால் இயங்கும் இப்பொறியை அமைத்தவர் டோமோஹிரோ நிஷிகாடோ. திரையில் வரிசைக்கு 11 வீதம் 5 வரிசைகளில் 55 அயல்கோள் உருவங்கள் அணிவகுத்துக் கீழிறங்கும். ஆடுபவர் அவற்றைச் சுட்டு வீழ்த்த வேண்டும்.

உருவங்கள் குறையக் குறைய, எஞ்சியவை மேன்மேலும் விரைந்து பாயும். பகைவர்க்குச் சினம் மூண்டது போன்று தோன்றும் இவ்விரைவுக்குக் காரணம் யாது?

பொறியின் மூளையாக அமைந்தது இன்டெல் 8080 நுண்செயலி. திரைக்காட்சி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஓர் உருவம் மட்டுமே நகர்த்தப்படும். ஆகவே, 55 உருவங்களும் ஒரு படி நகர ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். 30 எஞ்சினால் அரை நொடியும், 6 எஞ்சினால் பத்தில் ஒரு பங்கு நொடியும் போதும். கடைசி உருவமோ ஒவ்வொரு முறையும் நகரும். பொறியின் ஆற்றற் குறைவால் நேர்ந்த இவ்விளைவை நிஷிகாடோ திருத்தாது விட்டார். அதுவே ஆட்டத்தின் சுவையாயிற்று.

இதனை வகுப்பில் எளிதாக விளக்கலாம். மாணவர் பன்னிருவரை வரிசையாக நிறுத்துக. ஆசிரியர் சீராகக் கைதட்ட, தட்டுக்கு ஒருவராக முறையே ஓரடி முன்வரட்டும். பின்னர் அறுவரைக் கொண்டு அவ்வாறே செய்க. கைத்தட்டலின் வேகம் மாறாதிருக்க, வரிசையின் வேகம் இருமடங்காவதை மாணவர் தாமே காண்பர். எண்ணிக்கை பாதியாக, வேகம் இரட்டிக்கும் இவ்வுறவே எதிர்விகிதம் எனப்படும்.