பழைய டிரெய்லர்: வாங்குமுன் மூன்று சோதனை

பொக்லைன் ஏற்றப் பழைய லோபெட் டிரெய்லர் தேடிச் சங்ககிரி, நாமக்கல் பக்கம் போனால், "என்ஜினே இல்லீங்க, இதுல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்பார்கள். இருக்கிறது. புதுப் பெயிண்டை நம்பாமல் நான் மூன்றைப் பார்ப்பேன்.

1. கிங்பின்: இரண்டு அங்குலப் பின் புதிதில் 50.8 மி.மீ. லேபில் பிடித்துப் பழகிய அதே வெர்னியரில் அளந்து பாருங்கள். 49-க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

2. கூஸ்நெக்: வளைவில் வெல்டிங்மேல் வெல்டிங் தெரிந்தால் விரிசலைச் சந்தேகியுங்கள்.

3. பிரேக்: காற்று ஏற்றியபின் எமர்ஜென்சி ஹோஸைக் கழற்றி, மெல்ல இழுங்கள். டிரெய்லர் சக்கரம் உருளக்கூடாது.

டிரெய்லருக்கும் தனி ஆர்.சி., எஃப்.சி. உண்டு, சேஸிஸ் எண்ணை ஒப்பிடுங்கள்.

தொப்பூர் இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும் எடையை, இழுக்கும் லாரியின் பிரேக் மட்டும் தாங்காது. ஆகவே ஹோஸைக் கழற்றிப் பார்ப்பது முதலில். விலை பேசுவது அப்புறம்!