துவர்க்கும் தழை

கேள்வி: ஆலந்தழையும் கருவேலந்தழையும் துவர்க்கின்றனவே, வெள்ளாட்டுக்குப் போடலாமா?
(திருக்கோகர்ணம் வாசகர்)

பதில்: தாராளமாக, அளவோடு. அந்தத் துவர்ப்பு டானின்; புரதத்தைப் பற்றிக்கொள்ளும் குணம் அதற்கு. தீவனத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதம் இருந்தால், முதல் வயிற்றின் நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைத்துவிடாமல் காத்துக் குடலுக்கு அனுப்பும். 5 சதவீதத்தைத் தாண்டினால் ஆடு தின்பது குறையும், செரிமானம் மந்தமாகும். ஆக, துவர்ப்பு கெடுதல் என்பது பாதி உண்மைதான். ‘அப்படியானால் புரதம் மிகுந்த சவுண்டல் மட்டும் போதாதா?’ என்பீர்கள். அதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. கூடவே மைமோசின் என்ற நச்சும் உண்டு. சவுண்டலையே நாள்தோறும் போட்டால் ஆட்டுக்கு முடி கொட்டக்கூடும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்தி, வாடவைத்த ஆலந்தழை, அகத்தி, வைக்கோலோடு கலந்து கொடுங்கள். அவிழ்த்துவிட்ட ஆடும் இதைத்தான் செய்கிறது: ஒரே மரத்தில் நிற்காமல் செடிக்குச் செடி தாவும். உங்கள் பக்கம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலில் காயைத் தின்னும், தழையை முகர்ந்துவிட்டுப் போய்விடும்.